பூனைக்குச் சீழ்க்கட்டி கீறிய பிறகு: வீட்டில் பார்ப்பதா, தினமும் தூக்கிப் போவதா?

கட்டியைக் கீறி, சீழை வெளியேற்றிக் கழுவி, ஊசியும் போட்டுப் பூனையைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிடுவார் டாக்டர். கூடவே மாத்திரைச் சீட்டு, அப்புறம் ஒரு வாக்கியம்: "தினம் க்ளீன் பண்ணிடுங்க, முடியலன்னா இங்க தூக்கிட்டு வந்துடுங்க." முடியுமா முடியாதா என்பதை ஆட்டோவில் வீடு திரும்பும்போதே பலர் முடிவு செய்துவிடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் செலவை வைத்து. செலவும் ஒரு கணக்குதான். ஆனால் உங்கள் பூனை எப்படிப்பட்டது, உங்கள் வீடு எப்படிப்பட்டது என்பது அதைவிடப் பெரிய கணக்கு.

புதுச்சேரி, கடலூர் பக்கம் நமக்கு இருக்கும் வழிகள் மூன்று. வீட்டிலேயே புண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். தினமும் டிரெஸ்ஸிங்குக்குத் தூக்கிப் போகலாம். சில நாள் மருத்துவமனையிலேயே விட்டுவைக்கலாம். முதல் இரண்டையும் கலந்து செய்கிற நான்காவது வழியும் உண்டு. பெரும்பாலான பூனைகளுக்கு என் வாக்கு வீட்டுக்குத்தான். மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்கு மட்டும் அந்தக் கலப்பு வழி.

புண்ணுக்கு என்ன வேண்டும்

பூனைக்கு வரும் சீழ்க்கட்டியில் பெரும்பாலானவை இன்னொரு பூனை கடித்ததால் வருபவை. கோரைப்பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேல் தோல் சீக்கிரமே மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகளும், காற்றில்லாத இடத்தில் செழிக்கும் வேறு சில கிருமிகளும் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். 2 முதல் 5 நாளுக்குள் கன்னத்திலோ காலிலோ வால் அடியிலோ வீங்கிச் சுடும். பூனை சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ராத்திரி ஓட்டுக்கூரையில் சண்டை போட்டுத் திரும்பும் கடுவன் பூனைகளுக்கு இது அடிக்கடி வரும்.

டாக்டர் கீறிய ஓட்டையைத் தைக்காமல் விடுவதைப் பார்த்து, "என்ன இப்படி அரைகுறையா அனுப்பிட்டாரு?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். மிச்சமிருக்கும் சீழ் வடிய ஒரு வழி வேண்டும். சதை அடியிலிருந்து வளர்ந்து மேலே வர வேண்டும். மேல் தோல் மட்டும் முந்திக்கொண்டு மூடினால் சில நாளில் அதே இடம் மறுபடி வீங்கும். பெரிய கட்டியாக இருந்தால் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். அதை 3 முதல் 5 நாளில் அவர்களே எடுப்பார்கள். நாம் இழுக்கக் கூடாது, பூனையையும் கடிக்க விடக் கூடாது.

ஆகவே, உள்ளே மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால், வெளியே நாம் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். முதல் சில நாள் ஓட்டை மூடாமல் இருக்க வேண்டும். பூனையின் நாக்கு புண்ணைத் தொடக் கூடாது. ஈ உட்காரக் கூடாது. ஆறும்வரை இன்னொரு சண்டை கூடாது. மூன்று வழிகளில் எது இந்த நாலையும் உறுதி செய்கிறதோ அதுதான் உங்களுக்கான வழி. எந்த ஆயின்ட்மென்ட் நல்லது என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் பேச்சு.

வீட்டிலேயே பார்ப்பது

இதற்கு முதல் தேவை ஓர் அறை. வீடு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை, கதவு சாத்தக்கூடிய ஓர் இடம் போதும். ஜன்னலுக்குக் கொசுவலை இருந்தால் நல்லது. லாஸ்பேட்டையில் அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு இது சுலபம். குருசுக்குப்பத்திலோ கடலூர் முதுநகரிலோ பின்கட்டு, திண்ணை, மாடி எல்லாம் திறந்து கிடக்கும் பழைய வீட்டில் இருப்பவருக்குக் கஷ்டம். அங்கே பூனை தானாகவே வந்து போய்ப் பழகியிருக்கும், இரண்டு நாள் அடைத்தால் கதவைப் பிறாண்டிக் கத்தும். அந்தச் சத்தத்துக்கு இரங்கி மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிடுவோம் என்று இப்போதே தெரிந்தால், வீட்டுச் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவராது.

அறையில் மலம் கழிக்க மணல் வைக்காதீர்கள். கட்டட மணலோ கடற்கரை மணலோ ஈரப் புண்ணில் ஒட்டினால் கழுவி எடுப்பது பெரும்பாடு. புண் ஆறும்வரை கிழித்த செய்தித்தாள் போதும். முதல் நாள் முறைக்கும், அப்புறம் பழகிவிடும்.

அடுத்தது கழுவுவது. ஒப்பிட இங்கேதான் நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

என் கையில் தேர்வை விட்டால் உப்புநீர்தான். மெடிக்கலில் ட்ரிப்ஸுக்கு விற்கும் நார்மல் சலைன் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 0.9 சதவீத உப்பு, சுத்தமானது, எரியாது. விலையும் ஓர் ஆட்டோ சவாரியை விடக் குறைவு. சின்ன பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். திறந்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து ஆறவிட்டால் ஆயிற்று.

அதற்கு அடுத்த இடம் நீர்த்த பெட்டாடினுக்கு. நீர்த்த என்பதுதான் முக்கியம். கடையில் கிடைக்கும் கரைசல் 5 சதவீதமாகவோ 10 சதவீதமாகவோ இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் வாட்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் விட்டு, பால் சேர்க்காத இளம் டீயின் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்ய வேண்டும். வாங்கும்போது பாட்டிலில் ஸ்க்ரப் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சோப்பு கலந்திருக்கும், புண்ணுக்கு ஆகாது. உப்புநீரை விட பெட்டாடின் வேகமாக ஆற்றும் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் எழுதியிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் உப்புநீரே போதும்.

இந்த இரண்டுக்கும் கீழே நான் எதையும் வைக்கமாட்டேன். டெட்டால் பூனைக்கு விஷம். அதிலிருக்கும் குளோரோசைலினால் பீனால் வகையைச் சேர்ந்தது. அந்த வகையை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. புண்ணில் பட்டதை நக்கினால் வாய், தொண்டை எல்லாம் வெந்துவிடும். சாவ்லானும் நக்கும் பிராணிக்கு ஏற்றதில்லை. ஸ்பிரிட் எரியும், அடுத்த தடவை உங்களைப் பார்த்ததும் பூனை ஓடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அந்த நுரையில் நல்ல செல்களும் சேர்ந்துதான் போகின்றன.

அப்புறம் மஞ்சள். "கொஞ்சம் மஞ்சளைக் குழைச்சுப் பத்து போடும்மா, ரெண்டே நாள்ல காஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொல்வது நடக்கும், மேலே காய்ந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டாதது. சமையல் மஞ்சள் தூள் ஓட்டையை அடைத்துப் பொருக்குக் கட்டவைக்கும், சீழ் உள்ளேயே தங்கும். தேங்காய் எண்ணெயிலும் இதே சிக்கல், கூடவே நக்கத் தூண்டும் வாசனை. வேப்பிலை வேகவைத்த தண்ணீரால் உப்புநீரை விடக் கூடுதலாக ஒரு பலனும் இல்லை, கசப்புக்கு எச்சில்தான் ஒழுகும். அத்தையிடம் சண்டை போட வேண்டியதில்லை. "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு" என்றால் விட்டுவிடுவார்.

கழுவும் முறை சுலபம். வெதுவெதுப்பான உப்புநீரில் சுத்தமான மல்துணியை நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, புண்ணின் மேல் 5 நிமிடம் வையுங்கள். பொருக்கு ஊறித் தானாகக் கழன்று வரும், அடைத்திருந்த நீர் வடியும். பிறகு மெல்லத் துடையுங்கள், புண்ணிலிருந்து வெளிப்பக்கமாக. ஆரம்பத்தில் 3, 4 நாள் காலையும் மாலையும் செய்தால் போதும். ஊசி இல்லாத சிரிஞ்சால் உள்ளே பீய்ச்சுவதை டாக்டர் செய்யச் சொல்லி, செய்தும் காட்டியிருந்தால் மட்டும் செய்யுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். கட்டு போடவும் வேண்டாம். இந்தப் புண் திறந்திருந்தே ஆறும்.

ஆயின்ட்மென்ட் பற்றி ஒரு பத்தி போதும். ஆழமான புண்ணில் மேலே தடவும் களிம்பு சாதிப்பது குறைவு, ஓட்டையை அடைப்பதுதான் அதிகம். வீட்டில் கிடக்கும் மனிதக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்தவை பூனையின் ரத்தத்தையே கெடுக்கும். எழுதிக் கொடுக்காத எதையும் தடவாதீர்கள்.

நாக்கைத் தடுக்க இரண்டு தேர்வுகள்: பிளாஸ்டிக் கூம்பு, அல்லது துணிச் சட்டை. பூனை நக்கினால் புண் ஆறும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதன் நாக்கில் இருப்பது முள், வாயில் இருப்பது இந்தக் கட்டியை உண்டாக்கிய அதே வகைக் கிருமி. கன்னம், கழுத்து, காது ஓரம் என்றால் நாக்கு எட்டாது, ஆனால் பின்னங்கால் எட்டும். அங்கே கூம்புதான் உதவும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும், கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகு, விலா, தோள் என்றால் பழைய டி-ஷர்ட் கையை வெட்டி நாலு ஓட்டை போட்ட சட்டை நல்ல மாற்று. அக்னி நட்சத்திரத்து வெயிலில் கூம்பைவிட அதை அதிகம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வடியும் புண்ணின் மேல் துணி ஒட்டி நனையும், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். வால் அடியிலோ தொடையிலோ இருந்தால் கூம்பைத் தவிர வேறு வழியில்லை. கூம்போடு சாப்பிட அகலமான தட்டைத் தட்டு வையுங்கள், குழிந்த கிண்ணத்தில் விளிம்பு இடிக்கும். "பாவம், மூச்சு முட்டுது" என்று கழற்றிவிட்ட கால் மணி நேரத்தில் ஒரு வார வேலை வீணாகிவிடும்.

வீட்டுச் சிகிச்சையின் கடைசிச் சோதனை மருந்து கொடுப்பது. பெரும்பாலும் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த கிருமிக்கொல்லி மருந்தை ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் எழுதுவார்கள். மாத்திரை, சிரப் இரண்டிலும் கிடைக்கும். சிரப் சுலபம் என்று தோன்றும். அளவெடுத்துக் கன்னத்து ஓரமாக விட்டால் போதும்தான். ஆனால் பல பூனைகள் அந்தச் சுவைக்கு நுரைநுரையாகத் துப்பும், உள்ளே போனது பாதியா முழுசா என்று தெரியாது. கரைத்த சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மாத்திரை போனால் போனதுதான், சந்தேகமில்லை. முள் எடுத்த மத்திமீன் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தால் பாதிப் பூனைகள் ஏமாறும். மீதிப் பூனைகள் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் தரையில் வைத்துவிடும். அவற்றை டவலில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டு, வாயைத் திறந்து நாக்கின் பின்பக்கம் போட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். முக்கியமாக டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தால், தொண்டையில் ஒட்டிக்கொண்ட மாத்திரை உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும்.

வலிக்கு மட்டும் கைவைத்தியமே கூடாது. பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், ஒரு மாத்திரையே போதும். குழந்தைக்கு வைத்திருக்கும் காய்ச்சல் சிரப்பும் அதே மருந்துதான். புரூஃபென், டைக்ளோஃபினாக் வகையறாவும் வேண்டாம். டாக்டர் கொடுத்தால் அவர் சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்வளவுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "என் பூனை மடியில் படுக்கும், வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, ஓர் அறை உண்டு" என்றால் நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பூனை பயப்படாது, பழகிய இடத்தில் சீக்கிரம் சாப்பிட ஆரம்பிக்கும், அதனாலேயே சீக்கிரம் தேறும்.

தினமும் டிரெஸ்ஸிங்குக்குப் போவது

இதில் நிஜமான லாபம், பழகிய கண் ஒன்று தினமும் புண்ணைப் பார்ப்பது. உள்ளே பை மாதிரி இடம் இருக்கிறதா, ஓரத்துத் தோல் கறுக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தாமதமாகத்தான் தெரியும், அவர்களுக்கு உடனே தெரியும். கடிக்கிற பூனையைப் பிடிக்கவும் அங்கே ஆள் இருப்பார்கள்.

நஷ்டம் வழியில் இருக்கிறது. புதுச்சேரிக்காரருக்கு ஊருக்குள் தனியார் மருத்துவர்கள் உண்டு. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையும் இருக்கிறது. வெட்னரி காலேஜ் என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். கல்லூரி மருத்துவமனை என்பதால் மாணவர்களும் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். புண்ணுக்கு அது நல்லதுதான், கூச்ச சுபாவமுள்ள பூனைக்கு அவ்வளவு நல்லதில்லை. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் காலையில் மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் சேர்ந்து காத்திருக்கும் இடத்தில் கூடைக்குள் பூனை நடுங்கிக்கொண்டிருக்கும். பூனையை நன்றாகப் பார்ப்பார் என்று யாரோ சொன்னதை நம்பி, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் தூக்கிப் போகிறவர்களும் உண்டு. ஒரு தடவை ஆபரேஷனுக்கு என்றால் சரி. தினம் துடைத்துவிடுவதற்கு இவ்வளவு தூரம் என்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பயத்தில் சாப்பாட்டை நிறுத்தும் பூனைக்கு அந்தப் பட்டினி புண்ணைவிட ஆபத்து. சில நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி அது தனி நோயாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

இன்னொன்று, டிரெஸ்ஸிங் முடிந்து வீட்டுக்கு வந்தபின் மீதி 23 மணி நேரம் நாக்கையும் ஈயையும் யார் தடுப்பது? கூம்பும் அறையும் இதற்கும் வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் தினமும் போய்வருவதால் என்ன பிரயோஜனம்?

அங்கேயே விட்டுவைப்பது

உள்நோயாளியாகப் பூனையை வைத்துக்கொள்ளும் வசதி எல்லா இடத்திலும் இல்லை. இருந்தாலும் நாய்க்கூண்டுக்குப் பக்கத்தில்தான் கூண்டு என்றால் யோசியுங்கள். செலவும் அதிகம். காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்குப் போய்விட்டது, ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும், தோல் பெரிதாக அழுகிப்போய்விட்டது, குழாய் வைத்திருக்கிறது, பூனை எதையும் தொடமாட்டேன் என்கிறது என்ற நிலையில் இது தேர்வே இல்லை, டாக்டர் சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான். இல்லையென்றால், நீங்கள் ஊரில் இல்லாத நாளுக்கு மட்டும்.

பாதி வீடு, பாதி டாக்டர்

மாத்திரைக்கு வாயைத் திறக்கவே விடாத பூனை, மற்றபடி அடங்கியிருக்கும் பூனை, இரண்டும் ஒரே பூனையாக இருப்பது சகஜம். அதற்குத்தான் இந்த வழி. வாய்வழி மருந்தை விட்டுவிட்டு, 48 மணி நேரம் வேலை செய்யும் அமாக்சிசிலின் ஊசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம். செஃபோவெசின் என்ற ஊசி ஒரு தடவை போட்டால் 14 நாள் வரை தாங்கும். அது கைவசம் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள், கேட்காவிட்டால் மாத்திரைதான் எழுதுவார்கள். விலை கூடுதல்தான், ஆனால் துப்பிய மாத்திரைக்கும் பாதியில் நிறுத்திய கோர்ஸுக்கும் பிறகு மறுபடி கீறுவதை நினைத்தால் அது பெரிய விலை இல்லை. கழுவுவது, கூம்பு, அறை மூன்றும் வீட்டில். மூன்றாம் நாள் ஒரு தடவை, கோர்ஸ் முடியும்போது ஒரு தடவை டாக்டரிடம். போகாத நாள்களில் தினமும் ஒரே வெளிச்சத்தில் புண்ணை ஃபோட்டோ எடுத்துவைத்தால் சிறிதாகிறதா பெரிதாகிறதா என்பதில் குழப்பம் வராது. பல டாக்டர்கள் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பிலேயே பார்த்துச் சொல்கிறார்கள்.

எந்த வழியானாலும் புண் போகும் போக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் ஓரிரு நாள் ரத்தம் கலந்த மெல்லிய நீர் கசிவது சரிதான். மூன்று நான்கு நாளில் அது குறைந்து, உள்ளே ஈரமான இளஞ்சிவப்புச் சதை தெரிய வேண்டும். அந்த நிலை வந்தபின் அடிக்கடி நோண்டிக் கழுவுவதை நிறுத்திவிடலாம். 7 முதல் 10 நாளில் சாதாரணப் புண் மூடிவிடும், பெரியது இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும். திரும்பக் கெட்டியான மஞ்சள் சீழ், நாற்றம், ஓரத்தில் கறுத்த தோல், மறுபடி வீக்கம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். பூனையின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். காதைத் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஈ விஷயத்தை நம் கடற்கரைப் பக்கம் தனியாகச் சொல்லியாக வேண்டும். மீன் காயும் தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ, பண்ருட்டிப் பலா வந்து இறங்கும் மாதங்களில் எந்தத் தெருவோ, ஈ இல்லாத வீடு கிடையாது. திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். ஐப்பசி மழையின் புழுக்கத்தில் புண் காயவும் காயாது. ஃபேன் காற்றும் கொசுவலையும்தான் பாதுகாப்பான ஈ விரட்டிகள். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, டர்பன்டைன், கற்பூரம் குழைத்த எண்ணெய், பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதுவும் பூனையின் பக்கமே வரக் கூடாது. மாடு தாங்கும், பூனை தாங்காது. புழு கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது, அன்றே டாக்டர்.

உங்கள் கையையும் கவனியுங்கள். கழுவும்போது பூனை கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சின்னப் பல் குறிதானே என்று விட்டால் அடுத்த நாள் கை வீங்கும். பூனைக்கு வந்த அதே சீழ் நமக்கும் வரும். உங்கள் பூனையைக் கடித்தது எது என்று தெரியாதபோது, அதற்கும் ரேபிஸ் ஊசியைப் புதுப்பிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாசலில் சோறு வைக்கும் பூனை என்றால்

இந்தக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். நம் ஊரில் பாதிப் பூனைகள் யாருடையதும் இல்லை, எல்லாருடையதும்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசலில் சோறும் அடுத்த வாசலில் தூக்கமுமாக இருக்கும் பூனைக்குத் தினசரிக் கழுவலும் கூம்பும் நடக்காது. கூம்போடு தெருவில் விட்டால் நாய் வரும்போது தப்பிக்கவும் முடியாது. அதற்கு நீண்டநாள் வேலை செய்யும் ஊசி, வடிவதற்குத் தாராளமாகக் கீறிவிட்ட திறப்பு, முடிந்தால் 3, 4 நாள் குளியலறையிலோ பெரிய கூண்டிலோ அடைப்பு, அவ்வளவுதான் செய்ய முடியும். வெளியே விட்ட பிறகு சோறு வைக்கும்போது புண்ணைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கையில் பிடித்த அந்த ஒரே சந்தர்ப்பத்தில் டாக்டரிடம் கருத்தடை பற்றியும் பேசிவிடுங்கள். காய்ச்சலும் சீழும் அடங்கிய பிறகுதான் செய்வார்கள், ஆனால் தேதி வாங்கிவிடலாம்.

வீட்டுப் பூனைக்கும் இதேதான். கருத்தடை செய்யாத கடுவன் ஆறியதும் அதே எதிரியைத் தேடித்தான் போகும். கடி மூலம் பரவும் எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), பூனை ரத்தப்புற்று வைரஸ் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. கடிபட்ட உடனே செய்தால் தெரியாமல் போகலாம், இரண்டு மாதம் கழித்துச் செய்வது சரியாக இருக்கும். அடிக்கடி கட்டி வரும் பூனைக்கும், ஒழுங்காகப் பார்த்தும் ஆறாத புண்ணுக்கும் இதைக் கட்டாயம் கேளுங்கள். சண்டைக்கு வரும் கடுவன் அடுத்த தெருக்காரர் வளர்ப்பது என்று தெரிந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். கருத்தடைச் செலவைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளலாம் என்று சேர்த்துச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.